அமெரிக்காவில் இன்றும் தொடரும் இனப் பிரிவினை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வீடு தேடுகிறவர்களும், பிள்ளைகளுக்குப் பள்ளி பார்க்கிறவர்களும், அந்த நாட்டுச் செய்திகளைத் தொடர்ந்து படிக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் சொன்ன மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்தே நகர்கின்றன. சட்டம் பற்றிய இடங்கள் பொதுத் தகவல்தான். வழக்கு என்று வந்தால் அந்த மாநில வழக்கறிஞரைப் பாருங்கள்.

1964லயே சட்டம் போட்டு ஒழிச்சுட்டாங்களே, இப்ப எங்க இருக்கு இனப் பிரிவினை?

1964 சட்டம் ஒழித்தது பலகைகளை. உணவகங்களில் தொங்கிய "வெள்ளையருக்கு மட்டும்", தனித்தனிக் குடிநீர்க் குழாய்கள், தனிக் காத்திருப்பு அறைகள் எல்லாம் அதோடு போயின. வீட்டை விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனம் பார்க்கக் கூடாது என்ற சட்டம் 1968 ஏப்ரல் 11 அன்றுதான் கையெழுத்தானது. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டு அப்போது ஒரு வாரம் ஆகியிருந்தது. அந்தச் சட்டத்தை அமல்படுத்தும் வலு அரசுக்குச் சரியாகக் கிடைத்தது 1988 திருத்தத்தில்.

அதற்குள் நகரங்களைப் பிரித்துக் கட்டி முடித்துவிட்டார்கள். இன்று பலகை கிடையாது. யார் எந்தத் தெருவில் குடியிருக்கிறார், அந்தத் தெரு எந்தப் பள்ளியின் எல்லைக்குள் வருகிறது என்பதில்தான் பிரிவினை இருக்கிறது. அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2022இல் தந்த கணக்குப்படி, 2020–21 கல்வியாண்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட மாணவர்கள், அதாவது ஏறத்தாழ 1.85 கோடிப் பிள்ளைகள், முக்கால்வாசிப் பேராவது ஒரே இனத்தவராக இருக்கும் பள்ளிகளில் படித்தார்கள்.

அவங்கவங்க தங்கள் ஆளுங்களோட இருக்க ஆசைப்படுறாங்க. இதுல அரசாங்கம் எங்க வந்துச்சு?

எல்லாரும் நினைப்பதைவிட நேரடியாக வந்தது. 1930களில் ஹோம் ஓனர்ஸ் லோன் கார்ப்பரேஷன் என்ற அரசு நிறுவனம் 200க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் போட்டது. வீட்டுக் கடன் கொடுப்பது எவ்வளவு பத்திரம் என்று ஒவ்வொரு பகுதிக்கும் தரம்: பச்சை முதல் தரம், நீலம் இரண்டாவது, மஞ்சள் மூன்றாவது, சிவப்பு "அபாயகரமானது". கறுப்பினத்தவர் இருந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பில் விழுந்தன. இதைத்தான் ரெட்லைனிங் என்கிறார்கள். ஆனால் அந்த வரைபடத்தின் மேல் மட்டும் பழி போடுவது சரியல்ல. அதே நிறுவனம் கறுப்பினத்தவருக்கும் கடன் கொடுத்திருக்கிறது. அதிகக் கேடு செய்தது 1934இல் தொடங்கிய ஃபெடரல் ஹவுசிங் அட்மினிஸ்ட்ரேஷன். வங்கி தரும் வீட்டுக் கடனுக்கு இது உத்தரவாதம் நின்றது. உத்தரவாதம் கிடைத்தால் முன்பணம் குறையும், வட்டி குறையும், தவணைக் காலம் நீளும். இன்னார்தான் குடியிருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு உள்ள குடியிருப்புகளை அதன் கையேடு ஆதரித்தது. கறுப்பர் பகுதிகளுக்கு உத்தரவாதம் மறுத்தது. 1947இல் நியூயார்க் லாங் ஐலண்டில் எழுந்த லெவிட்டவுன் குடியிருப்பு இந்த உத்தரவாதத்தோடு கட்டப்பட்டது. அங்கே 17,000க்கும் மேல் வீடுகள். ஒன்றுகூடக் கறுப்பர்களுக்குக் கிடையாது.

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் டெட்ராய்ட் போகலாம். 8 மைல் சாலைக்குத் தெற்கே, பர்வுட் தெரு வீடுகளின் கொல்லைப்புறமாக ஒரு கான்கிரீட் சுவர் ஓடுகிறது: 6 அடி உயரம், 1 அடி கனம், அரை மைல் நீளம். பக்கத்தில் கறுப்பர்கள் குடியிருந்ததால் தன் மனைகளுக்கு உத்தரவாதம் கிடைக்காத ஒரு கட்டுமானக்காரர் 1941இல் எழுப்பிய சுவர் அது. சுவர் எழும்பியதும் உத்தரவாதம் வந்துவிட்டது. சுவர் இன்னும் நிற்கிறது. விளையாட்டுத் திடலை ஒட்டிய பகுதியில் ஊர்க்காரர்கள் சித்திரம் தீட்டி வைத்திருக்கிறார்கள்.

ஒரு ஊர் எவ்வளவு பிரிஞ்சு கிடக்குன்னு அளக்க முடியுமா? சும்மா ஒரு அபிப்பிராயம்தானா?

அளக்கலாம். அதிகம் பயன்படுவது வேற்றுமைக் குறியீடு. 0 முதல் 100 வரை போகும். 0 என்றால் எல்லாப் பகுதியிலும் ஒரே விகிதத்தில் கலந்திருக்கிறார்கள். 100 என்றால் முழுக்க முழுக்கப் பிரிந்திருக்கிறார்கள். 60க்கு மேல் போனாலே ஆய்வாளர்கள் அதைக் கடும் பிரிவினை என்பார்கள்.

கணக்கு எளிது. ஒரு ஊரில் இரண்டே வட்டாரம், 1,000 வெள்ளையர், 100 கறுப்பர் என்று வையுங்கள். முதல் வட்டாரத்தில் 900 வெள்ளையர், 20 கறுப்பர். இரண்டாவதில் 100 வெள்ளையர், 80 கறுப்பர். முதல் வட்டாரத்தில் இருப்பது வெள்ளையரில் 90%, கறுப்பரில் 20%, வித்தியாசம் 70. இரண்டாவதில் 10%, 80%, அதுவும் 70. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 70. ஊர் சமமாகக் கலக்க வேண்டுமென்றால் கறுப்பரில் 70% பேர் வீடு மாற வேண்டும் என்று இதற்குப் பொருள். மில்வாக்கி, டெட்ராய்ட், சிகாகோ, நியூயார்க் வட்டாரங்கள் 2020 மக்கள்தொகைக் கணக்கிலும் ஏறத்தாழ இந்த நிலையில்தான் நின்றன. அரை நூற்றாண்டாகத் தேசிய சராசரி இறங்கி வருவது உண்மை. பழைய தொழில் நகரங்களில் அது மெதுவாகத்தான் இறங்குகிறது.

வசதி இருக்கிறவன் நல்ல ஏரியாவுக்குப் போறான், இல்லாதவன் போகலை. இது பணப் பிரச்சினைதானே?

பணம் இதில் இருக்கிறது; அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்க நடுத்தரக் குடும்பத்தின் பெரிய சொத்து வீடு. 1940களில் மேலே சொன்ன உத்தரவாதத்தோடு வீடு வாங்கியவரின் பேரப்பிள்ளைக்குக் கல்லூரிச் செலவும் முதல் வீட்டின் முன்பணமும் அந்த வீட்டிலிருந்து வந்தன. வாங்க முடியாதவரின் பேரப்பிள்ளைக்கு அது இல்லை. அமெரிக்க மத்திய வங்கியின் 2022 குடும்ப நிதிக் கணக்கெடுப்பில் வெள்ளையர் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து 2,85,000 டாலர். கறுப்பர் குடும்பத்துக்கு 44,900 டாலர். சம்பள வித்தியாசம் இந்த அளவுக்கு இல்லை.

இன்னொன்றையும் ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டுகின்றன. ஒரே வருமானம் உள்ள இரண்டு குடும்பங்களை எடுத்தால், கறுப்பர் குடும்பம் இருக்கும் தெருவில் வறுமை அதிகம். வெறும் பணம்தான் காரணம் என்றால் இப்படி இருக்காது.

இப்ப சட்டம் இருக்கே, ஒரு பணக்கார ஊர் எப்படி மத்தவங்களை வெளியே நிறுத்துது?

இனத்தைச் சொல்லாமலே நிறுத்தலாம். மனை வாரியாக இனம் ஒதுக்கும் உள்ளூர் விதிகளை உச்ச நீதிமன்றம் 1917லேயே தள்ளுபடி செய்துவிட்டது. ஆனால் எங்கே என்ன கட்டலாம் என்று சொல்லும் சோனிங் விதிகளுக்கு 1926இல் அனுமதி தந்தது. "இந்த ஊரில் ஒரு மனைக்கு ஒரு வீடுதான், குறைந்தது ஒரு ஏக்கர் மனை, அபார்ட்மென்ட் கூடாது" என்று விதி போட்டால் போதும். விலை தானாக ஏறும். வாடகைக்கு இருப்பவர்கள் உள்ளே வர முடியாது. முந்தைய பதிலில் சொன்ன சொத்து இடைவெளி மிச்ச வேலையைச் செய்துவிடும்.

இதை நீதிமன்றத்தில் உடைப்பது கடினம். சிகாகோ அருகிலுள்ள ஆர்லிங்டன் ஹைட்ஸ் வழக்கில், பாகுபாடு காட்டும் நோக்கம் இருந்தது என்று நிரூபித்தால்தான் அரசியல் சட்ட மீறல் ஆகும் என்று 1977இல் தீர்ப்பு வந்தது. நோக்கத்தை யாரும் எழுதி வைப்பதில்லை. 1968 வீட்டுச் சட்டத்தின் கீழ் விளைவை மட்டும் காட்டி வழக்குப் போடலாம் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் 5–4 என ஒப்புக்கொண்டது. சில இடங்கள் விதியையே மாற்றிவிட்டன: மின்னியாபோலிஸ் 2018இல் முடிவெடுத்தது, ஓரிகன் மாநிலம் 2019இல் சட்டம் போட்டது, கலிஃபோர்னியா 2021இல். சரியான வழி இதுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஆனால் புது விதியில் வீடு கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும்.

ஹைவே எல்லாம் கறுப்பர் ஏரியா நடுவுலயே போகுதே, தற்செயலா?

இல்லை. 1956 நெடுஞ்சாலைச் சட்டத்துக்குப் பின் நிலம் மலிவாகவும் எதிர்ப்புக்கு வாக்கு வலு குறைவாகவும் இருந்த இடங்கள் வழியே பாதை போட்டார்கள். டெட்ராய்டின் பிளாக் பாட்டம், செயின்ட் பாலின் ரோண்டோ, மயாமியின் ஓவர்டவுன் ஆகியவை அப்படி உடைந்தவை. நியூ ஆர்லியன்ஸில் கிளேபோர்ன் அவென்யூ நடுவே வரிசையாக நின்ற ஓக் மரங்களை வெட்டி மேம்பாலம் கட்டினார்கள். அந்த நிழலில்தான் அக்கம்பக்கத்துக் கறுப்பினக் குடும்பங்கள் மார்டி கிரா திருவிழாவுக்குக் கூடும்.

பிரவுன் தீர்ப்பு 1954லயே வந்துச்சே, பள்ளிக்கூடம் ஏன் இன்னும் பிரிஞ்சு இருக்கு?

உச்ச நீதிமன்றத்தின் பிரவுன் தீர்ப்பு, இனவாரியாகத் தனித்தனிப் பள்ளி நடத்துவதைத் தடுத்தது. அதைத் தாண்டிப் போக இருந்த கதவை மூடியது 1974இல் வந்த மில்லிக்கன் தீர்ப்பு. டெட்ராய்ட் நகரத்துக்குள் மட்டும் பிள்ளைகளை மாற்றி மாற்றி அனுப்பிப் பயனில்லை, வெள்ளையர்கள் ஏற்கனவே புறநகருக்குப் போய்விட்டார்கள் என்று கீழ் நீதிமன்றம் கண்டது. 53 புறநகர்ப் பள்ளி மாவட்டங்களையும் (பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாக வட்டாரங்கள்) சேர்த்துத் திட்டம் போட்டது. உச்ச நீதிமன்றம் 5–4 என அதை ரத்து செய்தது: புறநகர் தவறு செய்ததாக நிரூபணம் இல்லாதபோது மாவட்ட எல்லையைத் தாண்ட முடியாது. பிரவுன் வழக்கை வாதாடி வென்ற தர்குட் மார்ஷல் அப்போது நீதிபதி. எதிர்த் தீர்ப்பு எழுதினார். அதன் பின், எல்லையைத் தாண்டி வீடு மாறினால் போதும், எந்த உத்தரவும் உங்களைத் தொடராது என்றாயிற்று. அமெரிக்காவில் 13,000க்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. அத்தனையும் எல்லைக் கோடுகள்.

அதற்கு முந்தைய ஆண்டு இன்னொரு 5–4 தீர்ப்பு. டெக்சஸின் சான் அன்டோனியோவில் எட்ஜ்வுட் மாவட்டம். 90%க்கும் மேல் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள். 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் பள்ளி வரி கட்டினார்கள், அந்த வட்டாரத்திலேயே அதிகம். அதில் ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது 26 டாலர். பக்கத்து ஆலமோ ஹைட்ஸ் 85 சென்ட்தான் கட்டியது. பிள்ளைக்கு 333 டாலர் கிடைத்தது. சொத்து மதிப்பு அப்படி. இது கூட்டாட்சி அரசியல் சட்டத்தை மீறவில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதன் பிறகு இந்தப் போராட்டம் மாநில நீதிமன்றங்களுக்குப் போனது. பல மாநிலங்கள் இப்போது இடைவெளியை ஓரளவு நிரப்புகின்றன.

அப்ப ரேட்டிங் 9, 10 இருக்கிற பள்ளி எல்லைக்குள்ள வீடு வாங்குறது தப்பா?

பிள்ளைக்கு நல்ல பள்ளி தேடுவதில் தப்பில்லை. அந்த எண் எதை அளக்கிறது என்று தெரிந்து தேடுங்கள். அதில் பெரிதும் சேர்வது தேர்வு மதிப்பெண்; அது பெற்றோரின் வருமானத்தோடும் படிப்போடும் ஒட்டியே நகரும். எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் வசதியான அண்டை வீட்டாரைத்தான் வாங்குகிறோம். எல்லாரும் அதையே செய்யும்போது எல்லைக்கு உள்ளே விலை ஏறி, முன் பதிலில் சொன்ன கோடு இன்னும் தடிக்கிறது.

மாநிலக் கல்வித் துறையின் தளத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் அறிக்கை அட்டை இருக்கும். அதில் பிள்ளைகள் ஓராண்டில் எவ்வளவு முன்னேறினார்கள் என்ற வளர்ச்சி எண்ணைப் பாருங்கள். அடுத்து, கறுப்பின, ஹிஸ்பானிக் (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வம்சாவளி), ஏழைப் பிள்ளைகளின் முடிவு தனியாக எப்படி என்று பாருங்கள். பள்ளிக்கு நேரில் போய் வகுப்பறையை எட்டிப் பாருங்கள். வாசலில் எல்லா இனமும் கலந்து நுழைந்து, உள்ளே கிஃப்டட் வகுப்பில் (திறமை மிகுந்தவர்கள் என்று தேர்ந்தெடுத்த பிள்ளைகளுக்கான தனி வகுப்பு) வெள்ளையரும் ஆசியரும் மட்டும் உட்கார்ந்திருக்கும் பள்ளிகள் நிறைய உண்டு. அதுவும் பிரிவினைதான். எல்லாப் பிள்ளைகளையும் சோதித்துச் சேர்க்கிறார்களா, பெற்றோர் வந்து கேட்டால்தான் சோதிக்கிறார்களா என்று பள்ளியில் கேளுங்கள்.

ஏஜென்ட்கிட்ட "இது நல்ல ஏரியாவா, யாரெல்லாம் இருக்காங்க"ன்னு கேட்டா பதிலே சொல்ல மாட்டேங்கிறார். ஏன்?

சொல்லாதவர்தான் சட்டம் தெரிந்த ஏஜென்ட். வாங்குபவரின் இனத்தைப் பார்த்து ஒரு பக்கம் தள்ளிவிடுவதும் இன்னொரு பக்கத்தைக் காட்டாமல் விடுவதும் ஸ்டியரிங் எனப்படும். அது 1968 சட்டத்தை மீறுவது. வீட்டின் நிலை, விலை, வரி, பள்ளி எல்லை எதுவென்று அவர் சொல்லலாம். குற்ற எண்ணிக்கையைக் காவல்துறையின் வரைபடத்தில் நீங்களே பாருங்கள். இரவு 9 மணிக்கு ஒருமுறை, சனிக்கிழமை காலை ஒருமுறை அந்தத் தெருவில் நடந்து பாருங்கள்.

நம்மளையுமா இப்படி நடத்துவாங்க? நாம கறுப்பினத்தவர் இல்லையே.

நடத்துவார்கள், அளவில் குறைவு. லாங் ஐலண்டின் நியூஸ்டே நாளிதழ் மூன்றாண்டு ஆய்வை 2019இல் வெளியிட்டது. ஒரே வருமானம், ஒரே தேவை சொல்லும் இருவரை, ஒருவர் வெள்ளையர், ஒருவர் மற்ற இனத்தவர், ஒரே ஏஜென்டிடம் ரகசியக் கேமராவோடு அனுப்பினார்கள். கறுப்பினத்தவருக்கு 49%, ஹிஸ்பானிக்குகளுக்கு 39%, ஆசியர்களுக்கு 19% சோதனைகளில் வேறு மாதிரி நடத்தை தெரிந்தது. ஒருவருக்கு வங்கி ஒப்புதல் கடிதம் இல்லாமலே வீடு காட்டுவது, மற்றவரிடம் முதலில் கடிதம் கேட்பது போன்றவை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே மரியாதையான பேச்சுதான். பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

சரித்திரத்திலும் நாம் கோட்டுக்கு வெளியேதான் இருந்தோம். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் இருந்த பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர் வெள்ளையர் ஆகமாட்டார், குடியுரிமை கிடையாது என்று 1923இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1946இல்தான் அது மாறியது. நம்மில் பலர் அங்கே போக வழி திறந்த 1965 குடியேற்றச் சட்டமும், கறுப்பினத்தவர் முன்நின்று நடத்திய உரிமைப் போராட்டம் உருவாக்கிய சூழலில் வந்தது. அந்தக் கடன் நமக்கு உண்டு.

வாங்கப்போற வீட்டு ஆவணத்துல "காக்கேசியன் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது"ன்னு போட்டிருக்கு! வாங்கலாமா?

வாங்கலாம். காக்கேசியன் என்றால் வெள்ளையர். அந்த வரி செல்லாது. இப்படிப்பட்ட நிபந்தனையை நீதிமன்றம் அமல்படுத்தக் கூடாது என்று செயின்ட் லூயிஸிலிருந்து வந்த ஷெல்லி வழக்கில் 1948இல் தீர்ப்பானது. 1968இல் சட்டமே தடை செய்தது. ஆனால் நிபந்தனைகள் ஆளோடு அல்லாமல் நிலத்தோடு ஒட்டியிருப்பதால் பழைய வரி ஒவ்வொரு விற்பனையிலும் கூடவே வரும். "வீட்டு வேலைக்காரர்கள் நீங்கலாக" என்ற விலக்கும் பெரும்பாலும் அதில் இருக்கும். வேலைக்கு இருக்கலாம், குடித்தனம் செய்யக் கூடாது. அதைப் படிக்கும்போது மனசு வலிக்கத்தான் செய்யும்.

நீக்க வழி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிஃபோர்னியாவில் நிபந்தனை மாற்றப் படிவத்தைப் பழைய ஆவணத்தின் நகலோடு, அந்த வரியைக் குறித்துக் காட்டி, கவுன்டி பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். கவுன்டி வழக்கறிஞர் பார்த்து ஒப்புதல் தருவார். மினசோட்டாவில் 2019 சட்டப்படி உரிமையாளர் ஓர் ஆவணம் பதிந்து விலக்கலாம். அங்கே மினசோட்டா பல்கலைக்கழகத்தின் மேப்பிங் ப்ரெஜுடிஸ் திட்டம் பழைய பத்திரங்களைத் தேடி வரைபடமாக்கியிருக்கிறது. எந்த மாநிலமானாலும் பழைய நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகை வீடு "போயிடுச்சு"ன்னாங்க, விளம்பரம் இன்னும் ஓடுது. சந்தேகமா இருக்கு. என்ன பண்ணணும்?

அன்றே எழுதி வையுங்கள்: தேதி, நேரம், பேசியவர் பெயர், வீட்டு எண், சொன்ன வார்த்தைகள். விளம்பரத்தைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பேச்சைப் பதிவு செய்வதில் கவனம் வேண்டும். கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் எதிராளி சம்மதம் இல்லாமல் பதிவு செய்வது குற்றம். பிறகு வீடு தருவதில் பாகுபாட்டை எதிர்க்கும் அந்த வட்டார அமைப்பை (ஃபேர் ஹவுசிங்) கூப்பிடுங்கள். மேலே சொன்ன ஜோடிச் சோதனையை அவர்களே செய்வார்கள். சோதனையாளர்களும் வழக்குத் தொடுக்கலாம் என்று 1982லேயே தீர்ப்பு இருக்கிறது. தாமதித்தால் அந்த வீட்டுக்கு வேறொருவர் வந்துவிடுவார், சோதிக்க முடியாமல் போகும். பெரும்பாலான புகார்கள் கெடுவது இங்கேதான்.

கூட்டாட்சி வீட்டுத் துறையிடம் புகார் கொடுக்க, சம்பவத்திலிருந்து 1 ஆண்டு அவகாசம், கட்டணம் இல்லை. நேராக நீதிமன்றம் போக 2 ஆண்டு. விசாரணைக்குச் சட்டம் சொல்லும் இலக்கு 100 நாள்; நடைமுறையில் தாண்டும். சட்டம் காப்பது ஏழு அடிப்படைகளை: இனம், நிறம், பூர்வீக நாடு, மதம், பாலினம், உடல்திறன் குறைபாடு, குழந்தைகள் உள்ள குடும்பம். விசா நிலை இதில் இல்லை. விசா ஆவணம் கேட்பதாக இருந்தால் எல்லாரிடமும் கேட்க வேண்டும், உங்களிடம் மட்டும் கேட்டால் அது பூர்வீகப் பாகுபாடு ஆகலாம்.

ஓனர் அதே வீட்ல இருந்தா சட்டம் பொருந்தாதுன்னு சொல்றாங்களே?

பாதி உண்மை. நான்கு குடித்தனம் வரையுள்ள கட்டடத்தில் உரிமையாளரே குடியிருந்தால் 1968 சட்டம் விலக்குத் தருகிறது. ஆனால் அவரும் விளம்பரத்தில் "இன்னாருக்கு மட்டும்" என்று போட முடியாது. இனத்தைப் பொறுத்தவரை 1866ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதில் இந்த விலக்கு இல்லை என்பதால் இனத்துக்காக மறுத்தால் அதன் கீழ் வழக்குப் போடலாம்.

நியூ ஜெர்சியில எடிசன், டெக்சஸ்ல ஃபிரிஸ்கோன்னு நம்மாளுங்க எல்லாம் ஒரே இடத்துல இருக்கோமே, அதுவும் பிரிவினைதானா?

சேர்ந்து வாழ்வதும் அடைத்து வைப்பதும் ஒன்றல்ல. கோவிலுக்கும் மளிகைக் கடைக்கும் பக்கத்தில் இருக்கலாம் என்று வருகிறவர் நாளைக்கே வேறு ஊருக்குப் போக முடியும். நாம் குடிவந்ததால் அங்கே வீட்டு விலையும் விழவில்லை. கறுப்பினத்தவருக்குப் பல தலைமுறையாக இந்த இரண்டுமே இல்லை. ஆனால் பக்கத்தில் மலிவு வாடகைக் குடியிருப்பு வருகிறது என்றதும் நகராட்சிக் கூட்டத்துக்குப் போய் "பள்ளி கெட்டுவிடும்" என்று கை தூக்குகிறோம் என்றால், சோனிங் பதிலில் சொன்ன வேலையை நாமும் செய்கிறோம்.

குடும்பங்களை நல்ல ஏரியாவுக்கு மாத்திவிட்டா பலன் இருக்கா?

இருக்கிறது, வயதைப் பொறுத்தது. 1994இல் தொடங்கி பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க் நகரங்களில் அரசு வாடகைக் குடியிருப்புகளில் இருந்த ஏழைக் குடும்பங்களுக்குக் குலுக்கல் முறையில், வறுமை குறைந்த பகுதிக்கு மாற வாடகைச் சீட்டு கொடுத்தார்கள். டெல்லியில் பிறந்த பொருளியலர் ராஜ் செட்டியும் சக ஆய்வாளர்களும் பின்னர் வரிக் கணக்குகளைப் பார்த்தபோது, 13 வயதுக்குள் மாறிய பிள்ளைகளின் வருமானம் இருபதுகளின் நடுவில் 31% கூடியிருந்தது. பதின்ம வயதில் மாறியவர்களுக்குப் பலன் தெரியவில்லை.

சிக்கல் சீட்டில் இருக்கிறது. குடும்பம் வருமானத்தில் சுமார் 30% கட்டும், மீதியை அரசு தரும். ஆனால் சீட்டு வைத்திருப்பவரை வீட்டுக்காரர் மறுப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கவில்லை. நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா போன்ற மாநிலச் சட்டங்கள் தடுக்கின்றன. சீட்டுக்குக் காலக்கெடுவும் உண்டு. அதற்குள் வீடு அகப்படாவிட்டால் சீட்டு திரும்பிப் போய்விடும்.

நாங்க இருக்கிற தெரு அந்தக் காலத்துல என்ன நிறத்துல இருந்துச்சுன்னு பார்க்க முடியுமா?

முடியும். 1930களின் வரைபடங்களை ரிச்மண்ட் பல்கலைக்கழகம் மேப்பிங் இன்ஈக்வாலிட்டி என்ற தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. நகரத்தைத் தேர்ந்தெடுத்து உங்கள் தெரு வரை பெரிதாக்கி, அந்த நிறத்தின் மேல் அழுத்துங்கள். மதிப்பீட்டாளர் நிரப்பிய படிவம் திறக்கும். குடியிருப்போர் பற்றிய பகுதியில் வெளிநாட்டில் பிறந்தவர் எத்தனை சதவீதம், நீக்ரோ உண்டா இல்லையா, உண்டானால் எத்தனை சதவீதம் என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். அதற்கடுத்த கட்டத்தின் தலைப்பு "ஊடுருவல்". யார் உள்ளே வந்துகொண்டிருக்கிறார்கள் என்று மதிப்பீட்டாளர் அதில் எழுதுவார். பிறகு அதே தெருவின் இன்றைய மக்கள்தொகைக் கணக்கையும் பள்ளி எல்லை வரைபடத்தையும் இன்னொரு திரையில் திறந்து பக்கத்தில் வையுங்கள்.